கூட்டத்தில் அதிர்ந்த கோல்

இன்று காலை வேங்கிக்காலில் இருக்கும் என் அலுவலகத்துக்கு மூன்று மாணவிகள் வந்தார்கள். மேசைமேல் அவர்கள் பெட்டியைத் திறந்ததும் ஈயம் பற்றவைத்த புகையின் வாசனை எழுந்தது. அவர்கள் விளக்கிக்கொண்டே இருந்தார்கள். என் மனம் அங்கே இல்லை. கல்லூரி ஆய்வகத்தில், புகையை வாயால் ஊதிவிட்டபடி நீ குனிந்திருந்த மேசையின் பக்கத்தில் நின்றிருந்தேன்.

மாணவர்களின் கண்டுபிடிப்புகளுக்குத் தொடக்க நிதியுதவி வாங்கித் தருவதுதான் இப்போது என் வேலை. கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். நம்முடையதைப் பாதியில் விட்டு ஓடியவள் அல்லவா நான்.

பார்வையற்றவர்களுக்கான கோல் அது. எதிரில் ஏதாவது இருந்தால் கைப்பிடி அதிரும். வார நாட்களின் மதியங்களில், கிரிவலப் பாதையில், துப்பட்டாவால் கண்ணைக் கட்டிக்கொண்டு மாறி மாறி நடந்து பார்த்தோம். மூடிய கண்ணுக்குள் வெயில் சிவப்பாக மிதக்கும். கொஞ்சம் தள்ளி உன் காலடிச் சத்தம் மட்டும் கூடவே வரும். கோல் ஒரு முறைகூடத் தவறவில்லை. இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த இரண்டு பேருக்குப் பௌர்ணமிக் கூட்டம் நினைவுக்கு வராமல் போனதை என்னவென்று சொல்ல?

தேர்வுக் குழுவினர் பௌர்ணமி மாலையில்தான் வந்தார்கள். அவர்கள் தரும் உதவி கிடைக்காவிட்டால் வேலைக்குப் போய்விடுவதாக வீட்டில் நான் வாக்குக் கொடுத்திருந்தேன். அடி அண்ணாமலையில் கற்பூரம் விற்கும் பார்வையில்லாத அக்காவின் கையில் கோலைக் கொடுத்தோம். முன்னால் எங்கு பார்த்தாலும் முதுகுகள். அதிரத் தொடங்கிய கைப்பிடி நிற்கவே இல்லை. கை மரத்துப்போய் அக்கா கோலைத் திருப்பித் தந்தார். குழுவினர் குறிப்பேட்டை மூடிக்கொண்டு கிளம்பினார்கள்.

நீ மட்டும் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்தாய்.

"கூட்டத்துல எனக்கு பயமே இல்லம்மா, நாலு பேரு கை குடுப்பாங்க. மறுநாள் ரோடு காலியாயிடும் பாரு, அப்பதான் எங்க நிக்கறேன்னே தெரியாது," என்றார் அவர்.

"இத மொதல்லயே கேட்டிருக்கணும்டி," என்று என்னைப் பார்த்துச் சொன்னாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அதைப் பார்த்துத்தான் எனக்கு ஆத்திரம் பொங்கியது. உனக்கென்ன பைத்தியமா என்று கேட்டுவிட்டு, அடுத்த வாரமே சென்னையில் வேலைக்குச் சேர்ந்தேன். பிறகு இரண்டு முறை நீ போன் செய்தாய். எடுக்கவில்லை. சில மாதம் கழித்து உன் அண்ணன் கூப்பிட்டார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களாம். நான் பஸ் ஏறுவதற்குள் நீ போய்விட்டாய்.

காரியம் முடிந்த மறுநாள் விடியும்போது கால்போன போக்கில் கிரிவலப் பாதைக்கு வந்தேன். ஆள் நடமாட்டமே இல்லை. மலை பாதி மேகத்துக்குள் இருந்தது. அக்கா தனியாக நடந்து வந்துகொண்டிருந்தார், கையில் நம் கோல். அதிலிருந்து உன் குரல் கேட்டது.

"வாயு லிங்கம் வந்துடுச்சிக்கா. பாத்து போங்க."

ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதேன். யாரது என்று அக்கா கேட்டார். உன் சிநேகிதி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சரியாக வராத ஒன்றைத் தூக்கிக்கொண்டு என்னிடம் யாராவது வந்தால், அதை யாருக்காகச் செய்தார்களோ அவரிடம் நானும் கூடப் போகிறேன். அவர்கள் பேசி முடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை. அன்று உன் பக்கத்தில் நானும் உட்கார்ந்திருக்க வேண்டும்.