விண்கப்பலுக்கு எலுமிச்சம்பழம்

ஜன. 4, ஞாயிறு

பனி. நேற்றுக் காயப்போட்ட துணி இன்னும் ஈரம். இட்லி மாவும் பொங்கவில்லை.

நாடகம் எழுதி முடித்தாயிற்று. பெயர் ‘செம்மண் கிரகம்’. ஆவடி குவார்ட்டர்ஸ் கலைவிழாவில் பெண்கள் அணிக்கு முதல்முறையாக மேடை கொடுத்திருக்கிறார்கள். எழுத்து, இயக்கம் நான். ஃபாக்டரி ஸ்டோர்ஸில் போல்ட்டும் நட்டும் எண்ணிக்கொண்டிருப்பவளுக்கு இது பெரிய விஷயம். யாரிடமும் சொல்லவில்லை, ஆனால் ராத்திரி படுத்தால் சிரிப்பு வருகிறது.

மதியம் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். மணல் கிரகம். தண்ணீருக்கு அலையும் ஜனங்கள். நட்சத்திரங்களை எல்லாம் வளைத்துப் போட்ட பேரரசன். தப்பி ஓடும் இளவரசி. அவளை ஏற்றிக்கொள்ளும், ஓட்டை விண்கப்பல் வைத்திருக்கும் கடத்தல்காரி. குறை சொல்லிக்கொண்டே கூட வரும் ரோபோ. இரண்டாம் பக்கத்திலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

“இது படமாச்சே.”

“எந்தப் படம்?”

“எல்லாப் படமும்தான்.”

அவர் விண்வெளிச் சண்டைப் படம் ஒன்று விடாமல் பார்ப்பவர். நான் ஒன்றுகூட முழுதாகப் பார்த்ததில்லை. அம்பத்தூரில் தியேட்டருக்குக் கூட்டிப்போவார், ஏசி முகத்தில் பட்டதும் தூங்கிவிடுவேன். இடைவேளையில் பாப்கார்ன், பிறகு மறுபடி தூக்கம். இதில் எங்கே காப்பி அடிப்பது? கதை பள்ளி நாளில் படித்த, அட்டை கிழிந்த ஒரு மொழிபெயர்ப்புப் புத்தகத்திலிருந்து. பெயர் தெரியாது. கடைசிப் பக்கங்களும் இல்லை. முடிவு மட்டும் நானே யோசித்தது.

“தூக்கத்துல காதுல விழுந்திருக்கும்” என்கிறார்.

சாயங்காலம் பலகாரம் கிடையாது. டீ மட்டும் கொடுத்தேன்.

ஜன. 6, செவ்வாய்

காய்கறி வண்டி அருகே செல்வராஜ் சார். விழாக் கமிட்டிச் செயலாளர். வருடாவருடம் ராஜா நாடகம் போடுபவர். கையில் முருங்கைக்காயைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டு:

“மேடம், ஒங்க கதை இங்கிலீஷ் படம்னு கேள்விப்பட்டேன். சொந்தக் கற்பனையா இருந்தாத்தான் மேடை. விதி தெரியும்ல?”

தெரியும். போன வருடம் ஆண்கள் அணி ஒரு சினிமா காமெடியை அப்படியே போட்டார்கள். சிறப்பு விருந்தினர் ஒவ்வொரு வசனத்தையும் அவர்களுக்கு முந்தியே சொல்லிக்கொண்டிருந்தார். அதிலிருந்து இந்த விதி. ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடுகிறதாம், என் நாடகம் உண்டா இல்லையா என்று முடிவு செய்ய.

இவருக்கு யார் சொன்னது? கதை தெரிந்தவர் உலகத்தில் ஒரே ஒரு ஆள். வீட்டுக்கு வந்து பிடித்தேன்.

“டீக்கடைல பெருமையாத்தான் சொன்னேன். எம் பொண்டாட்டி படத்துல வர்ற மாதிரியே எழுதியிருக்கான்னு.”

ரசத்தில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

ஜன. 8, வியாழன்

தண்டனையாக அவருக்கு ஒரு வேலை. படங்களுக்கு அந்த ஐடியா எல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடித்தர வேண்டும். இதைத் தண்டனை என்று நினைத்தது என் தப்பு. மனிதர் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார். சாம்பார் அடுப்பில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனேன். வந்து பார்த்தால் பாத்திரம் கரி. இவர் செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறார்.

அவர் சொன்னவரை:

பாலைவனக் கிரகம் – படத்துக்கு முன்னால் நாவலில். அதற்கும் முன்னால் செவ்வாயில் வறண்ட கால்வாய், வாள்சண்டை என்று மலிவுப் பத்திரிகைக் கதைகள்.

நட்சத்திரப் பேரரசு – அதுவும் பழைய கதைகளில். அவர்கள் எடுத்தது சரித்திரப் புத்தகத்தில், விழுந்துபோன ராஜ்ஜியங்களிலிருந்து.

விண்வெளிக் கொள்ளைக்காரர் – கடல் கதை. கடலை எடுத்துவிட்டு வானத்தை வைத்திருக்கிறார்கள். கேப்டன், துறைமுகம், கடத்தல் சரக்கு எல்லாம் அப்படியே. கப்பல் என்ற பெயரைக்கூட மாற்றவில்லை.

இளவரசி – எந்த ஊரில்தான் இல்லை?

எனக்கு ஒரே சந்தோஷம். எல்லாரும் எடுத்திருக்கிறார்கள். நான் கடைசியாக வரிசையில் நிற்கிறேன், அவ்வளவுதான்.

ஜன. 11, ஞாயிறு

கமிட்டி. சமூகக்கூடத்தில் ஃபேன் ஓடவில்லை. நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன், வேர்த்துக் கொட்டியது.

செவ்வாய்க் கால்வாயிலிருந்து கடல் கொள்ளைக்காரன் வரை அத்தனையும் சொன்னேன். “பாலைவனம் யார் வீட்டுச் சொத்து சார்? எல்லாருக்கும் பொதுதானே” என்றேன். சூட்டோடு சூடாக, “உங்க நாடகத்துல வருஷா வருஷம் இளவரசன் மாறுவேஷத்துல வர்றானே, சுரங்கப்பாதை இருக்கே, அது மட்டும் உங்க கற்பனையா?” என்றும் கேட்டேன். யாரோ பின்னால் சிரித்தார்கள். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

செல்வராஜ் சார் கோபப்படவில்லை. மெதுவாகக் கேட்டார்.

“சரி மேடம். பாலைவனம் அவங்களோடது, கப்பல் இவங்களோடது. ஒங்களோடது எது?”

முடிவு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் முடிவில் பேரரசன் திருந்துகிறான். அது யாருக்கு வேண்டும்?

தீர்ப்பு: போடலாம். ஆனால் ‘ஆங்கிலப் படங்களைத் தழுவியது’ என்று மைக்கில் அறிவிப்பார்கள்.

நான் பார்க்காத படங்களை நான் தழுவியிருக்கிறேனாம். வீட்டுக்கு வந்து அழுதேன். அவர் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, இடியாப்பம் வாங்கி வரட்டுமா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வாங்கி வரச் சொன்னேன்.

ஜன. 13, செவ்வாய்

நாடகத்தையே விட்டுவிடலாமா என்று இருந்தேன். அதற்குள் காதர் பாய் பூந்தமல்லியிலிருந்து ஸ்கூட்டரில் அட்டையும் தெர்மாகோலும் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். எங்கள் விழாவுக்கு செட் எல்லாம் அவர்தான். வந்த மனிதரைத் திருப்பி அனுப்ப முடியுமா?

முதல் காட்சியைப் படித்துக் காட்டச் சொன்னார். கடத்தல்காரி விண்கப்பலுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறாள், எலுமிச்சம்பழம் நசுக்கிக் கிளம்புகிறாள் என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

“இன்னாமா, வண்டிக்குச் சக்கரமே இல்லன்ற. எலுமிச்சம்பயத்த எங்க வெக்கிறது?”

நான் யோசிக்கவே இல்லை. எங்கள் ஃபாக்டரி கேட்டைத் தாண்டிப் புது வண்டி எது போனாலும் பழம் வைத்துத்தான் போகும். கை அதுபாட்டுக்கு எழுதியிருக்கிறது. வீட்டுக்காரர் அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். எந்தப் படத்திலும் விண்கப்பல் இப்படிக் கிளம்பாதாம்.

பாய் அவரை விடவில்லை. “அவ்ளோ தூரம் போற வண்டி. எலுமிச்சம்பயம் வெக்காம அனுப்புவியா நைனா? சக்கரத்துக்கு நான் வழி பண்றேன்.”

வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சமையலறையில் சிலிண்டர் நிற்கும் ட்ராலி. பக்கத்து வீட்டு மேரியிடமும் ஒன்று. இரண்டையும் உருவிக்கொண்டு போய்விட்டார். விண்கப்பல் இனி அதன்மேல்தான்.

சிலிண்டர் தரையில். நகர்த்த முடியவில்லை, பெருக்கவும் முடியவில்லை.

ஜன. 18, ஞாயிறு

பொங்கல் முடிந்தது. கரும்புச் சக்கை மூட்டை இன்னும் வாசலில்.

ஒத்திகை. மேரிதான் கடத்தல்காரி. ஸ்கூல் டீச்சர், அதனால் பேரரசனையே “கையக் கட்டி நில்லு” என்கிறாள். எழுதாத வசனம். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செல்வராஜ் சார் மேற்பார்வைக்கு வந்தார். எலுமிச்சம்பழக் காட்சியில் முகம் சுளித்தார். “விஞ்ஞானக் கதைல இது எதுக்கு மேடம்? பொருந்தலையே.” எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது. பாய் முறைத்ததால் எடுக்கவில்லை.

ஜன. 24, சனி

விழா. மைதானம் நிறைய ஆட்கள். கொசுவும்.

செல்வராஜ் சாரே மைக்கில்: “அடுத்து, ஆங்கிலப் படங்களைத் தழுவிய...” ‘தழுவிய’வை நீட்டி முழக்கினார். திரைக்குப் பின்னாலிருந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

முதல் காட்சி. விண்கப்பல் பளபளவென்று. மேரி சந்தனம் வைத்தாள், நான்கு மூலைச் சக்கரத்துக்கும் பழம் வைத்தாள். நாங்கள் பின்னாலிருந்து தள்ளினோம். மூன்று நசுங்கின. நான்காவது வழுக்கி, மேடை விளிம்பைத் தாண்டி, முன்வரிசையில் சிறப்பு விருந்தினர் காலடிக்குப் போய்விட்டது. ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி.

அவர் பழத்தை எடுத்தார். துடைத்தார். மேடையேறி வந்து, குனிந்து, சக்கரத்தடியில் அவரே வைத்தார். ஓரமாக ஒதுங்கிக் கைகூப்பி நின்றுகொண்டு, “ம், எடுங்கம்மா. போற எடத்துல தண்ணி இல்லன்றீங்க, வழியிலயாவது ஒண்ணும் ஆகக் கூடாது” என்றார்.

தள்ளினோம். நசுங்கியது. அப்படி ஒரு விசில் சத்தத்தை நான் கேட்டதில்லை. பேரரசன் திருந்தியபோது ஒருவரும் கவனிக்கவில்லை, இன்னும் பழத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்காரர் வழியெல்லாம்: “எந்தப் படத்துலயும் இல்ல. எந்தப் படத்துலயும் இல்ல.” அடித்துவிடச் சொன்னவர் இவர்தான்.

ஜன. 25, ஞாயிறு

காலை ஜுரம் போல இருந்தது. மாலை சரியாகிவிட்டது. ஃபாக்டரி லீவு நாளில் வரவேண்டியதெல்லாம் வருகிறது.

விழாவின் இரண்டாம் நாள். செல்வராஜ் சார் நாடகம். சோழ இளவரசன். மாறுவேஷம் உண்டு. சுரங்கப்பாதை உண்டு. கடைசிக் காட்சியில் ராஜா போருக்குக் கிளம்புகிறார். பாய் செய்த தேர், அதே ட்ராலிகளின்மேல். ராணி சந்தனம் வைத்தாள். பிறகு தட்டிலிருந்து ஒவ்வொன்றாக நான்கு எலுமிச்சம்பழம்.

முன்வரிசை முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. வீட்டுக்காரர் என் கையைக் கிள்ளினார். “கமிட்டில புகார் குடு.”

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போனேன். கிரீடத்தோடு பஜ்ஜி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டேன்.

“எலுமிச்சம்பழம் நல்லா இருந்தது சார். எங்கேர்ந்து?”

மெல்வதை நிறுத்தினார். “அது... எல்லார் வீட்லயும் வெக்கிறதுதானே மேடம். பொதுதானே.”

“ஆமா சார். பொதுதான்” என்றேன்.

வீடு வரும்வரை சிரிப்பு தாங்கவில்லை. உங்களுடையது எது என்று கேட்டாரே, அதை மட்டும் சரியாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நாளை மறுநாள் சிலிண்டர் வருகிறது. ட்ராலி இன்னும் தேரின் அடியில்.