மச்சாள், உங்கள் பைக் ஸ்டார்ட் ஆகிவிட்டது

பின்சீட்டில் என்னை ஏற்றிக்கொண்டு வெள்ளவத்தை முழுக்கத் திரிந்த என் மச்சாளுக்கு,

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். சுற்றிவளைத்துக் கதைப்பது உங்களுக்குப் பிடிக்காது. உங்கள் சின்ன மோட்டார் சைக்கிள் திரும்பவும் ஓடுகிறது. ஓட்டுவது நான். பின்னால் ஹெல்மெட்டோடு இருப்பது உங்கள் தம்பி, என்னைக் கட்டியவர். சிரிக்கிறீர்கள்தானே?

நீங்கள் கண்மூடிய பிறகு அதை ஒருவரும் தொடவில்லை. எங்கள் ஃபிளட்டின் கீழே, வாகனம் நிறுத்தும் இடத்தில், கடற்காற்று நேராக அடிக்கும் அந்த மூலையில் பழைய பெட்ஷீட் ஒன்றால் மூடி வைத்திருந்தேன். உங்கள் தம்பி அந்தப் பக்கமே போவதில்லை. சரியாகச் சொன்னால், அவர் எந்தப் பக்கமுமே போவதில்லை. நீங்கள் இருக்கும்போதே அவருடைய கண் மங்கத் தொடங்கிவிட்டது. இப்போது இடது கண்ணில் பார்வை இல்லை. வலது கண்ணில் புரை. பால்கனிக் கதிரையில் இருந்து ரேடியோ கேட்பார், சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், திரும்பவும் போய் இருப்பார்.

பொரளையில் கண் கிளினிக் உள்ள நாட்களில் ஒவ்வொரு சாட்டு. "பஸ்ஸில ஏற ஏலாது. த்ரீவீலர்ல தலை சுத்துது." மகன் கனடாவிலிருந்து போனில் கெஞ்சிப் பார்த்தான். நான் கோபித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் மசியவில்லை. நீங்கள் சொல்லியிருந்தால் கேட்டிருப்பாரா மச்சாள்? கேட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

அப்படி இருந்த மனிதர் ஒருநாள் தேத்தண்ணி குடித்துக்கொண்டே சொன்னார்: "இஞ்சேர், அக்காவின்ர பைக்கைக் குடுக்கப் போறன். கொட்டாஞ்சேனையில ஒருத்தர் பார்ட்ஸுக்கு எடுக்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை வருவார்."

"ஓடுற பைக்கை ஏன் பார்ட்ஸுக்குக் குடுக்கிறியள்?"

"எங்க ஓடுது? அது ஸ்டார்ட் வராது எண்டு உமக்குத் தெரியும்தானே."

தெரியும். அதற்கு முந்திய மாதம் கிருலப்பனையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். நல்ல மனிதர், ஆனால் அன்று அவருக்கு ஆயிரம் வேலை. சாவியைப் போட்டு பட்டனை அமத்தினார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். உதைத்துப் பார்த்தார், அதுவும் இல்லை. "வயரிங் ஒக்கோம மாறு கரன்ன ஓனே, அக்கே," என்றார். முழு வயரிங்கும் மாற்ற வேண்டுமாம். அதற்கு ஆகும் செலவில் வேறு பைக் பார்க்கலாம் என்றும் சொல்லிவிட்டுப் போனார். அதைத்தான் உங்கள் தம்பி பிடித்துக்கொண்டார்.

அன்று முழுக்க எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. அரிசியைக் களைந்தபடி நின்று உங்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். சண்டை நடந்த செக்பொயின்ட் காலத்தில் ஒருமுறை கிருலப்பனையில் எங்களை மறித்தார்களே, அந்த நாள். ஐடென்டிட்டி பார்த்தார்கள், என்னுடைய சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள், போகலாம் என்றார்கள். பைக் ஸ்டார்ட் ஆகவில்லை. நீங்கள் இறங்கி, சீட்டைத் திறந்து, ஃபியூஸைக் கழற்றி, ஊதிப் பார்த்து, திரும்பப் போட்டீர்கள். பிறகு துவக்கோடு நின்ற ஆமிப் பெடியனைப் பார்த்து, "மல்லி, பொட்டக் தல்லு கரன்ன," என்றீர்கள். அவனைத் தம்பி என்று கூப்பிட்டு, கொஞ்சம் தள்ளச் சொல்லி! அவன் துவக்கை முதுகில் மாட்டிக்கொண்டு தள்ளினான். பைக் பிடித்ததும் சிரித்துக்கொண்டு கையும் காட்டினான். வீடு வரைக்கும் நான் உங்கள் முதுகில் முகத்தை வைத்துச் சிரித்தேன். அந்த நாட்களில் நாங்கள் அப்படிச் சிரித்தது அபூர்வம்.

நீங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை செய்தவர். லைன் பழுதைத் தேடுகிற மாதிரியே பைக்கையும் தேடுவீர்கள். "கரண்ட் எதுவரைக்கும் வருது எண்டு பார். எங்க வரேல்லை எண்டும் பார். ரெண்டுக்கும் நடுவிலதான் கள்ளன் இருக்கிறான்." ஞாயிறு காலையில் நீங்கள் கழற்றுவீர்கள், நான் கரண்ட் பார்க்கும் மீற்றரைப் பிடிப்பேன். இருவரும் கதைத்துக்கொண்டே அரைநாளைப் போக்கிவிடுவோம், உங்கள் தம்பி மேலேயிருந்து கேட்டுக்கொண்டிருப்பார். மெக்கானிக் அந்த 'கள்ளனை'த் தேடவில்லை. வீடு முழுவதையும் இடித்துவிடலாம் என்றுதான் சொன்னார். அப்படித்தான் எனக்குப் பட்டது.

ஞாயிறு காலை புதுப் பற்றரி ஒன்றோடும் உங்கள் சாமான் பெட்டியோடும் கீழே இறங்கினேன். உங்கள் தம்பியிடம் ஒன்றும் சொல்லவில்லை. பற்றரியை மாற்றி, சாவியைத் திருப்பினேன். பச்சை லைட் பளிச்சென்று எரிந்தது. ஹோர்ன் அடித்தது. சந்தோஷத்தில் பட்டனை அமத்தினேன். பச்சை லைட் அணைந்து, 'டக்'. விட்டால் லைட் திரும்ப எரிந்தது. அமத்தினால் 'டக்'. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். மெக்கானிக் சொன்னதுதான் சரியோ?

அப்போதுதான் மேலே பால்கனியிலிருந்து குரல் வந்தது.

"இஞ்சேர், கீழ என்ன செய்யிறீர்?"

"சும்மா பாக்கிறன்."

"பற்றரி மாத்தினீரோ?"

"ஓம். புதுசு."

ரேடியோவை நிற்பாட்டினார். "இன்னொருக்கால் அமத்தும்," என்றார். அமத்தினேன். "பற்றரி இறங்கியிருந்தால் டக் டக் டக் எண்டு படபடக்கும். இது ஒருக்கால்தான் அடிக்குது. புதுப் பற்றரி எண்டால், கரண்ட் போற வழியில எங்கயோ அடைப்பு இருக்கு."

"பட்டனை அமத்தினால் லைட்டும் போகுது."

"அப்ப ரெண்டுக்கும் பொதுவான இடம். நில்லும், வாறன்."

வாறன் என்றார், மச்சாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்தச் சொல். படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கி வந்தார். நான் ஓடிப்போய்ப் பிடிக்கவில்லை. பிடித்தால் திரும்பிப் போய்விடுவாரோ என்ற பயம்.

வந்தவர் பைக்கின் சீட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். நான் வேறு பக்கம் பார்த்தேன். பிறகு, "மீற்றரை எடும்," என்றார். மீற்றரின் ஒரு முனையைப் பற்றரியின் மைனஸிலும் மற்றதை எஞ்சின் உடம்பிலும் வைத்தேன். ஒரு கையால் அவரே பட்டனைத் தேடி அமத்தினார்.

"எவ்வளவு காட்டுது?"

"எட்டுக்கிட்ட."

"அது ஒண்டும் காட்டக் கூடாது." அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். "எர்த் வயர். எஞ்சினுக்கு வாற எர்த் வயரைப் பாரும்."

தேடிப் பிடித்தேன். எஞ்சினோடு அந்த வயரைப் பூட்டியிருந்த திருகாணி முழுக்கப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போய்க் கிடந்தது. கடற்காற்றின் வேலை. எங்கள் ஃபிளட்டின் ஜன்னல் கம்பிகளைத் தின்கிற அதே உப்பு. லைட்டுக்கும் ஹோர்னுக்கும் கொஞ்சக் கரண்ட் போதும், அந்தப் பூஞ்சணத்தின் வழியாகவே எப்படியோ போய்விடும். ஸ்டார்ட்டர் மோட்டர் கேட்கிற கரண்டுக்கு அது வழிவிடவில்லை. ஒரே ஒரு ஆணி, மச்சாள். இதற்காகவா முழு வயரிங்கையும் பிடுங்கப் பார்த்தோம்? கழற்றி, சாண்ட்பேப்பரால் தேய்த்து, இரும்பு மினுங்கியதும் இறுக்கிப் பூட்டி, கொஞ்சம் கிரீஸும் பூசினேன். பட்டனை அமத்தினேன். எஞ்சின் 'கிர்ர்' என்று சுற்றியது.

சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனைக்காரர் தன் சின்ன லொறியோடு வந்துவிட்டார். முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். எண்ணெய்க் கையோடு நான், பக்கத்தில் சாரம் கட்டியபடி உங்கள் தம்பி, நிலம் முழுக்கச் சாமான். பார்த்துவிட்டு, "என்னங்கம்மா, ஸ்டார்ட் ஆகாத பைக்குன்னுதானே ஐயா சொன்னாரு?" என்றார்.

"கொஞ்சம் இருங்கோ தம்பி," என்றார் உங்கள் தம்பி, அவரைப் பார்க்காமலே. என்னிடம், "பிளக்கைக் கழட்டும்," என்றார்.

கழற்றிய பிளக்கை அதன் வயரோடு மாட்டி, பெற்றோல் மணக்கும் துவாரத்துக்குத் தூரமாக எஞ்சின் உடம்பில் படவைத்துப் பிடித்தேன். அவர் பட்டனை அமத்திவிட்டுத் தலையைச் சாய்த்தார். நீலப் பொறி ஒன்று துள்ளித் துள்ளி விழுவதை நான் பார்த்தேன். அவருக்கு அது தெரியாது. ஆனால் நான் வாயைத் திறக்க முந்தியே, "டிக் டிக் எண்டு கேக்குது. பொறி இருக்கு," என்றார். "அப்ப பெற்றோல்தான். எவ்வளவு காலம் உள்ளே கிடந்தது. கொஞ்சம் பிடிச்சுத் தாரும், மணந்து பாப்பம்."

காபரேற்றரின் அடியில் உள்ள ஸ்குரூவைத் திறந்து ஒரு யோகட் கப்பில் பிடித்தேன். தேத்தண்ணி நிறத்தில் வந்தது. பெயின்ட் கடைக்குள் போன மாதிரி மணம். பழையதை எல்லாம் வடித்துவிட்டோம். கொட்டாஞ்சேனைக்காரர் தானாகவே லொறியில் இருந்த கானைக் கொண்டுவந்து புதுப் பெற்றோல் கொஞ்சம் ஊற்றினார். பார்த்துக்கொண்டு நிற்க அவருக்கும் முடியவில்லை போல.

சோக்கை இழுத்தேன். பட்டனை அமத்தினேன். ஒரு இருமல், இரண்டு இருமல், பிறகு பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கிளம்பி, மெல்ல மெல்ல அடங்கியது. பக்கத்து ஃபிளட் ஆட்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்கள். உங்கள் தம்பி டாங்கில் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு, எஞ்சினின் அதிர்வை வாங்கிக்கொண்டு நின்றார். அவர் கண்ணில் நீர் வடிந்தது. கண் வருத்தத்தாலா, வேறு எதனாலா என்று நான் கேட்கவில்லை.

பிறகு கொட்டாஞ்சேனைக்காரர் நின்ற பக்கம் திரும்பினார். "தம்பி, குறை நினைக்கக் கூடாது. உங்களை அவ்வளவு தூரத்திலயிருந்து வரச் சொல்லிப் போட்டன். ஆனால் இதைக் குடுக்க ஏலாது. இது என்ர அக்காவின்ரது."

அந்த மனிதர் கொஞ்ச நேரம் பைக்கைப் பார்த்தார். "நான் பார்ட்ஸுக்குத்தான் வந்தேங்க, ஐயா. உசுரோட இருக்கறத எப்படிப் பிரிக்கிறது?" என்றார். போக முன் என்னிடம் மீற்றரை வாங்கி, எஞ்சின் ஓடும்போது பற்றரி சார்ஜ் ஆகிறதா என்றும் பார்த்துத் தந்தார். ஆகிறதாம். ஒரு பிளேன்டீ மட்டும் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த கிளினிக் நாளில் நான் கேட்கவேயில்லை. பைக்கை வெளியே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன்; அந்த நாளில் நீங்கள் பிடிவாதமாக ஓட்டப் பழக்கி எடுக்க வைத்த லைசென்ஸ் இப்போதுதான் உதவுகிறது. உங்கள் தம்பி காற்சட்டை போட்டு, சீப்பால் தலை இழுத்து, தானே இறங்கி வந்தார். "மெதுவா ஓடும்," என்றார். ஏறி இருந்ததும் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. கல்யாணம் முடித்து இவ்வளவு காலமாகியும் றோட்டில் என் தோளைத் தொட அவருக்கு வெட்கம். கிருலப்பனை வரைக்கும் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தார். அங்கே ஒரு பஸ் பக்கத்தில் உரசிக்கொண்டு போனதும், கை என் தோளுக்கு வந்தது. பொரளை வரைக்கும் அதை அவர் எடுக்கவேயில்லை. வழியெல்லாம் பின்னாலிருந்து கதைதான்: கியரை மாத்தும், இப்ப விடும், சிக்னல் போட்டீரோ? உங்களுக்குப் பின்னால் நான் எவ்வளவு அமைதியாக இருந்தேன் என்று இப்போதுதான் எனக்கு விளங்குகிறது.

டொக்டர் அவரைக் கொஞ்சம் ஏசினார். பிறகு, வலது கண்ணில் புரையை எடுத்தால் பார்வை நன்றாகவே தெளியும் என்றார். வருகிற மாதம் ஒப்பரேஷன். இடது கண் திரும்பாது. அதைக் கேட்டு உங்கள் தம்பி ஒருமுறை தலையாட்டினார், அவ்வளவுதான். வெளியே வந்ததும், "பசிக்குது. எங்கயாவது தோசை சாப்பிடுவமோ?" என்றார். கடைக்குள் எனக்கு முன்னால் நடந்து போனார்.

ஒப்பரேஷனுக்குப் பிறகு தானே ஓட்டப் போகிறாராம். இப்போதே கதை தொடங்கிவிட்டார். ஒரு கண்ணோடு காலி வீதியில் அவரை விடுவேனா, மச்சாள்? உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். டொக்டர் சம்மதித்தால், ஒரு ஞாயிறு விடியற்காலை, ஆள் நடமாட்டம் குறைந்த நேரத்தில், எங்கள் ஒழுங்கையில் கடல் தெரியும் அந்த முனை வரைக்கும் ஹான்டிலை அவரிடம் கொடுப்பேன். நான் பின்னால் இருந்து, வாயை மூடிக்கொண்டு வருவேன். அங்கிருந்து திரும்பி வரும்போது ஓட்டுவது நான்தான்.

உங்களுக்குப் பின்னால் இருந்து பழகி, இப்போது முன்னுக்கு வந்திருக்கும்,
உங்கள் தம்பி பெண்சாதி,
மச்சாள் தேவி
வெள்ளவத்தை