முந்தைய முடிவே பொருந்தும்

என் செல்ல வாலுவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தகுந்தபடி போர்த்திக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் போனில் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டாய், சௌக்கியம் என்றேன். அது முழுப் பதில் இல்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் உன் தம்பி பெண்டாட்டி வாந்தியும் வயிற்றுப்போக்குமாக மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அப்போது ஆறு மாத வயிறு, நாங்கள் ஆடிப்போய்விட்டோம். இப்போது தாயும் வயிற்றுப் பிள்ளையும் நலம், பதறாதே. டாக்டர் முதலில் கேட்டதே, எந்தத் தண்ணி குடிக்கிறீங்க என்றுதான். உன் அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷம் நகராட்சி ஆபீசில் உட்கார்ந்தவன் வேறு யார் இருக்கிறான், இந்த வீட்டில்?

மறுநாளே தகவல் அறியும் சட்டத்தில் மனுப் போட்டேன். அவசரத்தில், எங்கள் தெருக் குழாய்த் தண்ணீர் குடிக்கத் தகுந்ததா, இல்லையென்றால் ஏன் என்று எழுதிவிட்டேன். ஊருக்கெல்லாம் மனுவில் குற்றம் கண்டுபிடித்தவன் செய்கிற வேலையா இது? இருபத்தெட்டாம் நாள் பதில் வந்தது. உன் அம்மா உறையைப் பிரித்துச் சத்தமாகப் படித்தாள்: கோரப்பட்ட தகவல் கோரப்பட்ட வடிவில் இவ்வலுவலகத்தில் பராமரிக்கப்படவில்லை. படித்துவிட்டு, இது உங்க வாக்கியமாச்சே என்று சிரித்தாள், சிரித்தவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஆமாம், மனுக்களுக்குப் பதில் எழுத ஆபீசில் நான் எழுதிக் கொடுத்த வாக்கியம்தான், ஒரு கமா கூட மாறவில்லை. உனக்கு நினைவிருக்கும், மதிப்பெண் அட்டை எங்கே என்று நான் கேட்டால் நீ கையைக் கட்டிக்கொண்டு இதையேதான் எனக்குச் சொல்வாய். அப்போது எனக்குப் பெருமையாகக் கூட இருந்தது. இப்போது அதே கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன், முகத்தில் யாரோ கதவைச் சாத்தியது போல இருந்தது.

நேரே ஆபீசுக்குப் போனேன். என் இடத்தில் இப்போது இருக்கிற பெண் எழுந்து நின்று, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தாள், மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விஷயத்துக்கு வந்ததும், சார், ஏன்னு கேட்டா குடுக்கறதுக்கு எங்ககிட்ட பேப்பர் இல்ல, இருக்கற பேப்பரோட நகலத்தான் குடுக்க முடியும், நீங்கதானே சார் எங்களுக்கு இதச் சொல்லிக் குடுத்தீங்க என்றாள். கோபிக்க முடியவில்லை, அவள் சொன்னது சட்டப்படி சரி. வீட்டுக்கு வந்து இரண்டாவது மனு எழுதினேன். இந்தத் தடவை கேள்வியே கேட்கவில்லை. தெருத்தெருவாகத் தண்ணீர் பிடித்துச் சோதித்த முடிவை எழுதி வைக்கிற நீர் மாதிரிப் பதிவேட்டில் எங்கள் தெரு வருகிற பக்கங்களின் நகல், பத்து வருஷத்துக்கு, அவ்வளவுதான்.

பக்கங்கள் வந்தன. சாப்பாட்டு மேஜையில் வரிசையாகப் பரப்பி, நானும் உன் தம்பியும் விரல் வைத்துப் பார்த்தோம். எங்கள் தெருவுக்கு நேரே பாட்டில் எண் காலி, தேதி காலி, கடைசிக் கட்டத்தில் மட்டும், முந்தைய முடிவே பொருந்தும் என்று இருந்தது. முந்தைய வருஷத்தைப் பார்த்தால் அங்கேயும் முந்தைய முடிவே பொருந்தும். அதற்கு முந்தைய வருஷமும் அதுதான். இப்படியே பின்னால் போய் ஒன்பது வருஷத்துக்கு முன்னால்தான் உண்மையாக ஒரு பாட்டில் எடுத்திருக்கிறார்கள். அதன் முடிவு: கிருமி உள்ளது, மறு பரிசோதனை தேவை. அதுதான் இத்தனை வருஷமும் பொருந்திக்கொண்டு வந்திருக்கிறது. ஏன் மறுபடி எடுக்கவில்லை என்பதற்கு எந்த அலமாரியிலும் பேப்பர் இல்லை.

அந்த வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய மனு நினைவுக்கு வந்தது. தெருமுனைத் தையல்காரம்மாவைத் தெரியுமே, அவர் மகள் உன்னோடு படித்தவள், ஓயாத வயிற்றுக் கோளாறில் பரீட்சை எழுத முடியாமல் ஒரு வருஷம் பின்தங்கிப் போனாள், நீ கூட நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுப்பாய். அந்த வருஷம்தான் அந்தம்மா தண்ணீரைப் பற்றி மனுப் போட்டார். அவருக்குப் பதில் எழுதிக் கையெழுத்துப் போட்டது நான். எந்த வாக்கியம் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

முந்தாநாள் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் கடைக்குப் போனேன். மெஷினை நிறுத்திவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தேதியை இரண்டு தரம் படித்தார். அப்புறம், அண்ணே, நான் கேட்டப்ப இந்தப் பக்கம் இருந்துச்சா என்று கேட்டார். கேட்ட வடிவில் இல்லை என்று சொல்லியிருக்கலாம், வாய் வரைக்கும் வந்தது. இருந்துச்சும்மா, என் நாற்காலிக்குப் பின்னாடி அலமாரியில இருந்துச்சு, நான்தான் எந்திரிக்கல என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. ஊசியில் இருந்த நூலை அறுத்துவிட்டு, எனக்கும் ஒரு நகல் வேணும் என்றார். கையில் இருந்ததையே கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலை அது தெருக்குழாய்க்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது, சாயங்காலமே நகராட்சியிலிருந்து ஆள் பாட்டிலோடு வந்து தண்ணீர் பிடித்துக்கொண்டு போனான். முடிவு தெரிகிற வரை கொதிக்கவைத்துத்தான் குடிக்கிறோம்.

நீயும் அங்கே ஒரு ஆபீசில் ஊரார் கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறவள். எழுதுவதற்கு முன்னால் ஒரு தரம் எழுந்துபோய் அலமாரியைத் திறந்து பாரம்மா. உடம்பைப் பார்த்துக்கொள், ராத்திரி கண் விழிக்காதே, நீ எல்லா நலமும் பெற்று நிறைவாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆசை. தையல்காரம்மா மகளின் விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், மறக்காமல் அவளுக்கு நாலு வரி எழுது. அன்றைக்கு உன் அப்பா என்ன செய்தார் என்று அவள் கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்றே எழுது.

என்றும் உன் மேல் உயிரான
அப்பா