எல்லா கியரும் இடது கைக்கு

மார்ச் 3, செவ்வாய்

சைக்கிள் ஃபிரேம் வந்துவிட்டது. கருநீலம். ஒரு கையால் தூக்கினேன் — இடது கையால்தான் — பூனைக்குட்டி கனம். பெட்டியைப் பிரித்துக்கொண்டிருந்தபோது என் கணவர் கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"இது எதுக்கு இப்போ?"

"ஓட்டுறதுக்கு."



போன ஆகஸ்டில், அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் என் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் எடுத்துக்கொண்டது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. வீடு திரும்பியபோது ஆறு வருடம் ஓட்டிய சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே இல்லை. அவர் தன்னுடன் வேலை செய்பவருக்குக் கொடுத்துவிட்டார். "கண்ணுல பட்டா உனக்குக் கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

எனக்கா, உங்களுக்கா?

அன்று கேட்கவில்லை. இன்று ஃபிரேமை அதே இடத்தில் சாய்த்து வைத்தேன்.

மார்ச் 4, புதன்

அக்கா போன் செய்தாள். "சைக்கிள் வாங்கிட்டியாமே?"

சைக்கிள் இல்லை, ஃபிரேம் என்றேன். இனிமேல்தான் குரூப்செட் பார்க்க வேண்டும். அது என்ன என்றாள். கியர், பிரேக், சங்கிலி, பெடல் தண்டு எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி ஒரே குடும்பமாக வரும், அதுதான் என்றேன். "மொத்தமா ரெடியா வாங்கித் தொலைச்சிருக்கலாம்ல?"

வாங்கலாம். ஆனால் எந்தக் கடையில் எந்த சைக்கிளைப் பார்த்தாலும் பின் கியர் வலது கையில்தான். ஏற்றத்தில் ஓயாமல் மாற்ற வேண்டியது அந்தக் கியரைத்தான். உலகத்தில் எல்லோருக்கும் பத்து விரல் இருக்கும் என்று முடிவு செய்தவன் எவன்?

விரலுக்காக அச்சகம் கொடுத்த பணம். விரலுக்கே போகட்டும்.

மார்ச் 8, ஞாயிறு

கேப்டன் வந்திருந்தார். பல் டாக்டர், எங்கள் சைக்கிள் குழுவை நடத்துபவர். நல்ல மனிதர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பேன்.

ஏப்ரல் 26 அணை மலை ஏற்றம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். "நீங்க கண்டிப்பா வரணும்மா. பின்னாடி வர்ற வேன்ல உக்காந்துக்கலாம். நம்ம குழு யாரையும் விட்டுடாது."

"என் பேரை எழுதிக்கோங்க. ஓட்டுறவங்க பட்டியல்ல."

அவர் என் கையைப் பார்த்தார். சரி, எல்லோரும் பார்க்கிறார்கள். பிறகு என் கணவரைப் பார்த்தாரே — பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்கு அப்பாவின் கையெழுத்து கேட்கிற மாதிரி — அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எலக்ட்ரானிக் குரூப்செட் போட்டுடுங்க. பட்டனைத் தொட்டா கியர் மாறும். உங்க நிலைமைக்கு அதான் சரி."

உங்க நிலைமைக்கு.

அந்த இரண்டு வார்த்தைக்காகவே எலக்ட்ரானிக் கிடையாது. கேபிள். கம்பியை இழுத்து மாற்றுகிற கேபிள் கியர். வலது கையால்.

மார்ச் 10, செவ்வாய்

கேபிள்தான்.

மார்ச் 14, சனி

சைக்கிள் மெக்கானிக் ஸ்பேனரின் கடைக்குப் போனேன். சொந்தப் பேர் அவருக்கே மறந்துபோயிருக்கும். பின் பாக்கெட்டில் எப்போதும் ஒரு ஸ்பேனர் இருப்பதால் ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. என்னைவிட நாலைந்து வயது இளையவர்.

"கையைக் காட்டுங்கக்கா."

டேப் எடுத்து கட்டை விரல் நுனியிலிருந்து மோதிர விரல் நுனி வரை அளந்தார். சுண்டு விரல் வரை அளந்தார். சுவரில் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்தார். டாக்டரை விட்டுவிட்டால், ஏழு மாதத்தில் இந்தக் கையைப் பார்த்து உச்சுக்கொட்டாமல் அளவெடுத்த முதல் ஆள்.

கேபிள் கஷ்டம் என்றார். பிரேக் பிடிக்கிற அதே லீவரைப் பக்கவாட்டில் தள்ளித்தான் கியர் மாற்ற வேண்டும். அது ஆள்காட்டி விரலின் வேலை. மோதிர விரலால் தள்ளுவேன் என்றேன். முடியாது என்றார். முடியும் என்றேன். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு ஒரு பழைய வலது லீவரை மரக்கட்டையில் இறுக்கி, கியர் கேபிள், பிரேக் கேபிள் இரண்டின் மறுமுனையிலும் ஸ்பிரிங் மாட்டிக் கொடுத்தார்.

"பத்து நாள் வெச்சிருங்க. நான் சொன்னா கேக்க மாட்டீங்க. கை சொன்னா கேப்பீங்க."

மார்ச் 17, செவ்வாய்

சாப்பாட்டு மேஜையில் கட்டையை வைத்துப் பழகுகிறேன். கிளிக். கிளிக். இன்று நாற்பது.

அவர் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தத்தைக் கூட்டினார். நானும் ஓங்கித் தள்ளினேன். கிளிக்!

மார்ச் 21, சனி

நூற்றுப் பன்னிரண்டு.

சாயங்காலம் தண்ணீர் டம்ளரை எடுத்தேன், விரல்கள் பிடிக்கவில்லை. கண்ணாடி டம்ளர், சில்லு சில்லாகப் போயிற்று. அவர் ஒன்றுமே சொல்லாமல் துடைப்பத்தை எடுத்து வந்து பெருக்கினார். அந்த மௌனம் இருக்கிறதே!

"ஏதாவது திட்டித் தொலைங்களேன்!"

"திட்டினா நிறுத்துவியா?"

"மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு என் தொண்டையை வீணாக்கணும்?"

சிரிப்பு வந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

இதுவரை செய்யாத ஒன்றை இன்று செய்து பார்த்தேன். முப்பது முறை கியர் தள்ளிவிட்டு, உடனே அதே லீவரை பிரேக்குக்காக இழுத்தேன்.

பாதி தூரம் வந்தது. நின்றுவிட்டது. பல்லைக் கடித்தேன் — ம்ஹூம்.

ஏறும்போது கியர். சரி. ஏறி முடித்த பிறகு இறங்க வேண்டாமா? பதினான்கு வளைவு. ஏற்றத்திலேயே கை செத்துப்போனால் இறக்கத்தில் எதைப் பிடிப்பேன்? சாமியையா?

யாருக்காகடி இந்தக் கேபிள்? கேப்டன் வாயை அடைக்க. அவர் வாயை அடைக்க நான் பள்ளத்தில் விழணுமா? விழுந்தா அவர் வாய் இன்னும் பெருசாத்தான் தெறக்கும். எலக்ட்ரானிக்னு அவர் சொன்னதுல தப்பு இல்ல. சொன்ன விதம்தான் தப்பு. அவர் சொல்லிட்டாருங்கறதுக்காக நல்ல சாமானை நான் ஏன் விடணும்?

நான் எடுக்கிறேன். என் நிலைமைக்காக இல்லை. மலைக்காக.

மார்ச் 28, சனி

கட்டையைத் திருப்பிக் கொடுத்தேன். "எலக்ட்ரானிக் போடுங்க" என்றேன். 'நான் அப்பவே சொன்னேன்ல' என்ற பார்வைகூட இல்லை; ஸ்பேனருக்குக் கோயில் கட்டலாம்.

இரண்டு பேருமாக உட்கார்ந்து முடிவு செய்தோம். முன்னால் ஒரே ஒரு பல்சக்கரம், அதற்குக் கியரே வேண்டாம். பின்னால் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிய பல்சக்கரம், செங்குத்து ஏற்றத்துக்கு. எந்தப் பட்டன் எந்த வேலை செய்ய வேண்டும் என்று போனிலேயே மாற்றிக்கொள்ளலாமாம். எல்லா கியரையும் இடது கைக்குக் கொடுத்தாயிற்று. முன் பிரேக்கும் இடதுக்கு. வண்டியை நிறுத்துவதில் பெரும்பங்கு அதற்குத்தான். எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற பிரேக், மெல்லப் பிடித்தாலே போதும்.

"அப்போ வலது கைக்கு?"

"பின் பிரேக். ஒரே வேலைதான். லீவரை உங்க அளவுக்கு உள்ள தள்ளி வெச்சுடுறேன். ஆனா அந்த ஒரு வேலையை அது ஒழுங்கா செஞ்சாகணும்க்கா."

தன் சக்கரத்தைக் கோணல் எடுக்கக் கொடுத்திருந்த கேப்டன் அந்த நேரம் பார்த்து உள்ளே வந்தார். நான் தேர்ந்தெடுத்த பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். "இதுக்கு மேல் மாடல் எடுத்திருக்கலாமேம்மா. இது இருநூறு கிராம் ஜாஸ்தி."

"ரெண்டு விரலை ஏற்கெனவே கழிச்சுட்டேன் கேப்டன். சரியாப் போச்சு."

ஸ்பேனர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கேப்டன் பட்ட பாடு! பல் டாக்டர் வாயைத் திறந்தபடியே நின்றதை இன்றுதான் பார்த்தேன்.

ஏப்ரல் 11, சனி

முதல் ஓட்டம். காலை ஆறரை மணி. ஹெல்மெட்டை மாட்டும்போது அவரும் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

"ஸ்கூட்டர்ல பின்னாடி வரேன்."

"வேண்டாம். நான் என்ன குழந்தையா?"

எதிர்பார்க்கவில்லை — அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அன்னைக்கு அச்சகத்துலேர்ந்து போன் வந்துச்சு. 'கை'ன்னு மட்டும்தான் சொன்னாங்க. எவ்வளவுன்னு சொல்லல. ஆஸ்பத்திரி வந்து சேர்ற வரைக்கும் முழுக் கையும் போயிடுச்சுன்னு நெனச்சுட்டே வந்தேன்."

எட்டு மாதம். ஒரு வார்த்தை சொன்னதில்லை இந்த மனுஷன்.

"அதுக்காக நான் வீட்டுலயே உக்காந்திருக்கணுமா?"

"உக்கார வேண்டாம். என்னைப் பயப்படவாவது விடு."

"தெருமுனை வரைக்கும் வாங்க" என்றேன். ஏரி வரை வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்கூட்டர் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

சைக்கிள்? பட்டனைத் தொட்டால் சின்னதாக ஒரு முனகல், சங்கிலி தாவிவிடுகிறது. பத்து கிலோமீட்டர் தாண்டியதும் வாய்விட்டுப் பாட்டே பாடினேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

பட்டியலில் என் பேருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம். கீழே பொடி எழுத்தில், 'உதவி தேவைப்படலாம்'. கேப்டனின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நட்சத்திரத்தை அடித்துவிட்டு, பேனாவைத் திருப்பி வைத்தேன்.

ஏற்றத்தில் என்னைப் பதினோரு பேர் முந்தினார்கள். நான் இரண்டு பேரை முந்தினேன். ஒன்பதாவது வளைவில் மூச்சு விசிலடித்தது. தட்டுச் சக்கரத்தில் போட்டு ஆமை மாதிரி உருட்டினேன். இறங்கி நடக்கவில்லை. இதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். நடக்கவில்லை.

இறக்கத்தில்தான் பயம். பதினோராவது வளைவில் ஜல்லி சிதறிக் கிடந்தது. இடதை அழுத்தினால் முன் சக்கரம் வழுக்கும். வலது — மோதிர விரல், சுண்டு விரல் — இழுத்தேன். கையில் சுள்ளென்று வலி. வண்டி வேகம் குறைந்தது. வளைந்தது. நிமிர்ந்தது.

கீழே அவர் ஸ்கூட்டரில் சாய்ந்து நின்றிருந்தார். என் வலது கையை எடுத்து, தழும்பு உள்ள இடத்தைத் தன் கட்டை விரலால் தேய்த்துவிட்டார். இந்த எட்டு மாதத்தில் முதல் முறை.

ஜூலை 18, சனி

சைக்கிளை சர்வீஸுக்கு விட்டேன். கடைத்தெருவில் வேலை இருக்கிறது என்று அவரும் கூட வந்தார். வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஸ்பேனர் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "முன் பிரேக் பேட் பாதி அப்படியே இருக்கு. பின்னாடி, உங்க வலது கை பிடிக்கிறது, சுத்தமா தேஞ்சு இரும்பு தெரியுது. இதுக்குள்ளயா? எங்கக்கா போறீங்க வர்றீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்தில் நின்ற என் கணவர் முந்திக்கொண்டார்.

"ரெண்டு செட்டாக் குடுத்துடுங்க. எப்படியும் தேச்சுடுவா."