கேட்பதற்கு முன்பே ஒத்துக்கொண்டவள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மறுபடியும் திருடியானேன். காலையில் சலவைக்கடையில் இஸ்திரி, சாயங்காலம் பல்கலைக்கழகத்தில் திருட்டு. இஸ்திரியில் முதுகு வலிக்கிறது. திருட்டில் வாய் வலிக்கிறது.

குற்றவியலையும் தடயவியலையும் ஒன்றாகச் சேர்த்துப் படிக்கிற பிள்ளைகளுக்காக, வளாகத்தின் பின்பக்கம் இரண்டு அறை வீடு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆள் குடியிருக்கிற வீடில்லை. ஜன்னலை உடைத்து, பீரோவைக் கலைத்து, திருட்டு நடந்த மாதிரி ஜோடித்து வைப்பார்கள். பிள்ளைகள் வந்து கண்ணாடித் துண்டு, செருப்புத் தடம் எல்லாம் பொறுக்குவார்கள். அது தடயவியல் பாதி. பிறகு சந்தேகப்படுகிற ஆளை எதிரே உட்காரவைத்து விசாரிக்கப் பழகுவார்கள். அது குற்றவியல் பாதி. சந்தேகப்படுகிற ஆள் நான், அல்லது தையல்காரர். நாங்கள் இருவரும் முறைபோட்டுத் திருடுகிறோம்.

எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். கேட்டால் மறுக்கணும். தடயத்தை எடுத்து முன்னால் வைத்தால், அந்த அளவுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளணும். வைக்காத எதையும் ஒத்துக்கொள்ளவே கூடாது.

இந்த வேலை வந்த கதையும் வேடிக்கைதான். பேராசிரியை அம்மா வெள்ளைக் கோட்டுகளை எங்கள் கடையில்தான் துவைக்கப் போடுவார். ஒரு நாள் நான் யாரிடமோ வாயடித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "பொய் சொல்ல வருமா உங்களுக்கு?" என்றார்.

"கல்யாணமாகி இருபத்திரெண்டு வருஷம் ஆச்சுங்க. வராம இருக்குமா?"

சிரித்தார். உடனே முகத்தை மாற்றிக்கொண்டு, "எங்க பிள்ளைங்க யாராவது உங்களுக்குச் சொந்தமா? சொந்தக்காரங்களை வைக்கக் கூடாது" என்றார்.

"ஒருத்தரையும் தெரியாதுங்க."

என் மகள் அங்கேதான் படிக்கிறாள். மூன்றாம் வருஷம்.

மார்ச் 5

நேற்று எழுதியதைப் படித்தால் நான் பெரிய மோசக்காரி மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை. பேராசிரியையிடம் அப்படிச் சொல்லிவிட்டாலும், மகளிடம் கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனேன். அவள் செருப்பைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வர்றதுன்னா வா. ஆனா என்னைத் தெரியாத மாதிரி இரு."

"வெட்கமா இன்ஸ்பெக்டரம்மா?"

"இல்ல. நீ பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்ட."

அதுவும் சரிதான். ஆனாலும் மனசில் முள் மாதிரி கிடக்கிறது. அவள் படிக்கிற இடத்தை ஒரு தடவை கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். ஐந்தாவதோடு நின்றவளுக்கு இந்த ஆசை கூட இருக்கக் கூடாதா?

மார்ச் 9, ஞாயிறு

அவளுக்கு 19-ஆம் தேதி விசாரணைப் பரீட்சை. போன தடவை தோற்றுவிட்டாள். இதிலும் தோற்றால் வெளியே அனுப்பிவிடுவார்கள். ரெண்டு பாடத்தையும் சேர்த்துக் கட்டிய படிப்பு இது. ஒன்று போனால் இன்னொன்றும் போச்சு.

லேபில் அவள் ராணி. பூதக்கண்ணாடியில் ஒரு நூலைப் பார்த்தே அது சட்டையா போர்வையா என்று சொல்வாள். ஆனால் எதிரே மனுஷன் உட்கார்ந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. "கண்ணாடித் துண்டு திருப்பிப் பேசாதும்மா" என்கிறாள்.

யாரால் இப்படி ஆனாள்? கடைக்குப் போனால் நான் பேசினேன். வாத்தியார் கேட்டால் நான் பதில் சொன்னேன். டாக்டர் "எங்க வலிக்குது?" என்று அவளைக் கேட்டால் "இங்கங்க" என்று நான் காட்டினேன். அவள் பங்கு பேச்சையும் சேர்த்து நானே பேசித் தீர்த்துவிட்டேன். இப்போது எங்கே போய்க் கடன் வாங்குவாள்?

மார்ச் 13

குளியலறைக்குள் ஒத்திகை பார்க்கிறாள். "அன்னைக்குச் சாயங்காலம் நீங்க எங்க இருந்தீங்க?" பக்கெட்டிடம்தான் கேட்கிறாள். பக்கெட் பயப்படவில்லை. அவள்தான் பயப்படுகிறாள்.

"நான் உட்காரட்டுமா?" என்றேன். வேண்டாம் என்றாள்.

மார்ச் 16

சாப்பாட்டைக் கிளறிவிட்டு எழுந்துவிட்டாள். நான் ஒரு ஜோக் சொன்னேன். சிரிக்கவில்லை. இரண்டாவது சொன்னேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

மார்ச் 19, புதன்

என் வாயில் மண்ணள்ளிப் போட.

இன்று தையல்காரர்தான் உட்கார வேண்டியது. அவருக்குப் பல் வீங்கி முகம் பூசணிக்காயாகிவிட்டதாம். "நீங்க வந்துடுங்க, வேற ஆள் இல்ல" என்று பேராசிரியை போன் செய்தார். மகளுக்கு மதியமே முடிந்திருக்கும் என்று நினைத்துப் போனேன். அறைக் கதவைத் திறந்தால் மேஜைக்கு அந்தப் பக்கம் அவள்.

திரும்பியிருக்கலாம். "தலை சுத்துதுங்க" என்றாவது சொல்லியிருக்கலாம். மூலையில் பேராசிரியை கையில் பேனாவோடு இருந்தார். அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தேன்.

அவள் ஆரம்பித்தாள். வணக்கம் சொன்னாள். பெயர் கேட்டாள். என் பெயரை என்னிடமே கேட்டாள். பேனா பிடித்த கை ஆடியது. மேல் உதட்டில் வேர்வை.

"அன்னைக்குச் சாயங்காலம்..." அதற்கு மேல் வரவில்லை. மறுபடியும் "அன்னைக்குச் சாயங்காலம்..."

நான் சொல்ல வேண்டியது: அக்கா வீட்டில் இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது. எத்தனை பிள்ளைகளிடம் அலுக்காமல் சொல்லியிருக்கிறேன்! இன்று என்ன வந்தது எனக்கு?

"நான்தான் எடுத்தேங்க" என்றேன். "வெளியில நின்னு கல்லால ஜன்னலை உடைச்சேன். உள்ள போய் கேமராவை எடுத்தேன். எல்லாம் நான்தான்."

ஒத்துக்கொண்டுவிட்டால் அவள் கஷ்டம் முடிந்துவிடும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவள் என்னையே பார்த்தாள். கண்ணில் ஏதோ வந்து போனது. பிறகு குனிந்து நான் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, "நன்றி, நீங்க போகலாம்" என்றாள்.

வெளியே வந்து மனசு குளிர்ந்து நின்றேன், காரியம் முடித்துவிட்டோம் என்று. மடச்சி.

மார்ச் 20

தோற்றுவிட்டாள்.

சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போனதும் சொன்னாள். குரலில் கோபம்கூட இல்லை.

"கண்ணாடி முழுக்க வெளிப்பக்கம் விழுந்து கிடந்துச்சும்மா. அப்படின்னா உள்ள இருந்து உடைச்சிருக்காங்க. நீ வெளியில இருந்து உடைச்சேன்னு சொன்ன. பொய்யின்னு அந்த நிமிஷமே தெரியும் எனக்கு."

"அப்புறம் ஏன்டி கேக்கல?"

"அழுகிற மாதிரி உக்காந்திருக்க. உன்னைப் பார்த்துப் பொய் சொல்றன்னு எப்படிம்மா சொல்லுவேன்?"

ஒத்துக்கொண்டாலும் அது சரியா என்று தடயத்தோடு வைத்துப் பார்க்கணுமாம். பயத்திலும் பாசத்திலும் செய்யாததை ஒத்துக்கொள்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்களாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்தப் பரீட்சையே. மேஜைக்கு இந்தப் பக்கம் அப்படி ஒருத்தி நிஜமாகவே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 21

வகுப்புக்குக் கிளம்பவில்லை.

மார்ச் 22

புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கிக் கயிறு கட்டிவிட்டாள். துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம், போகப் போகிறாளாம். கயிற்றை அவிழ்த்தேன். மறுபடி கட்டினாள். மறுபடி அவிழ்த்தேன். "விளையாடாதம்மா!" என்று கத்தினாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

விளையாடவில்லை. கைக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

மார்ச் 24, திங்கள்

பேராசிரியையைப் பார்க்கப் போனேன். மகளிடம் சொல்லவில்லை.

"அம்மா, அந்தப் பரீட்சை செல்லாதுங்க. அவ என் பொண்ணு."

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "போன வாரமும் இப்படித்தான் கேக்காமலே ஒத்துக்கிட்டீங்க. அந்தப் பொண்ணு மேல இரக்கம் வந்துடுச்சா?"

தலையில் அடித்துக்கொள்ளாத குறை. வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறேன், நம்ப ஆள் இல்லை! போனில் படம் காட்டினேன். அவள் மொட்டைத் தலையோடு என் மடியில் இருக்கிற படம், போன வருஷம் இருவரும் எடுத்த படம், ஒவ்வொன்றாக. பார்க்கப் பார்க்க அவர் முகம் இறுகியது.

"அப்ப அவளும் மறைச்சிருக்கா" என்றார். "நீங்க உள்ள வந்தப்பவே எழுந்து சொல்லியிருக்கணும். நாளைக்கு இந்தப் படிப்பை வச்சுக்கிட்டு அவ கோர்ட்டுல சாட்சி சொல்லணும். ஒரு பரீட்சையில உறவை மறைச்சவ சொல்றதை எந்த நீதிபதி நம்புவாரு? தோத்ததைக் கூட விட்டுடலாம். இதை விட முடியாது."

விசாரணைக் குழு வைக்கிறார்களாம். நிஜ விசாரணை.

அடைக்கப் போய் ஓட்டையைப் பெரிசாக்கிவிட்டேன். எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. யாரோ ஒருவருடைய சட்டைக் காலரைத் தீய்த்துவிட்டேன். முதலாளி திட்டினார். நன்றாகத் திட்டினார். போதவில்லை எனக்கு.

மார்ச் 26

வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். லாரியை எங்கோ ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசினார்.

"இப்ப என்னங்க பண்றது?"

"நீதான் மறைக்கச் சொன்னதா சொல்லிடு. உன்னை என்ன பண்ணிடுவாங்க? உனக்கு என்ன பட்டமா போகுது?"

அவர் விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ. எனக்கு அதுதான் வழியாகப் பட்டது. பழியை நான் சுமந்தால் அவள் தப்பித்துவிடுவாள்.

மார்ச் 30

மகள் கேட்டாள், "அங்க போய் என்ன சொல்லப் போற?"

"உண்மையத்தான்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

ஏப்ரல் 3, வியாழன்

நீளமான மேஜை. அந்தப் பக்கம் மூன்று பேர், நடுவில் பேராசிரியை. இந்தப் பக்கம் நானும் அவளும். தண்ணீர் வைத்திருந்தார்கள். நான் தொடவில்லை.

என்னை முதலில் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டேன். "அவ மேல தப்பே இல்லைங்க. நான்தான் மறைக்கச் சொன்னேன். அவ வேணாம் வேணாம்னுதான் சொன்னா."

அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்போது பக்கத்தில் நாற்காலி நகர்ந்தது.

"எங்கம்மா பொய் சொல்றாங்க" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. மேஜைக்கடியில் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். கையை மெதுவாக எடுத்து என் மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"எங்க வச்சு எங்கிட்ட சொன்னீங்க?"

நீங்க! என்னைப் பார்த்து நீங்க என்கிறாள்.

"அடுப்படியிலதான்."

"என்னைக்கு?"

"ஞாயித்துக்கிழமை."

"ஞாயித்துக்கிழமை நான் காலையிலேருந்து லேப்ல இருந்தேன். கூட நாலு பேர் இருந்தாங்க."

"அப்ப திங்கக்கிழமையா இருக்கும். வயசாச்சுல்ல, மறந்துடுது."

"திங்கக்கிழமை நான் என்ன பண்ணிட்டிருந்தேன்?"

"செருப்பு துடைச்சிட்டிருந்த."

வாய் முந்திக்கொண்டது. அவள் அவசரப்படவில்லை. கை ஆடவில்லை. எத்தனை பிள்ளைகளை நான் சுற்றலில் விட்டிருக்கிறேன்! இவளிடம் ஒரு பக்கமும் சந்து கிடைக்கவில்லை.

"செருப்பு துடைச்சிட்டு யாரு யாருகிட்ட என்ன சொன்னாங்க? அப்படியே சொல்லுங்க."

என்ன செய்வேன்?

"என்னைத் தெரியாத மாதிரி இருன்னு... நீதான் எங்கிட்ட சொன்ன."

அழுதுவிட்டேன். அவள் அவர்கள் பக்கம் திரும்பி, "இதுதான் நடந்தது. மறைச்சது நான்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தன் கழுத்துக்குத் தானே சுருக்கு மாட்டிக்கொண்டு, கண்ணாடித் துண்டு மாதிரி அமைதியாக உட்கார்ந்திருந்தாள்.

பேராசிரியை பேனாவை மூடினார். பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

ஏப்ரல் 5

இன்னும் சொல்லவில்லை. கடையில் ஒரு போன் அடித்தாலும் இஸ்திரியை விட்டுவிட்டு ஓடுகிறேன்.

ஏப்ரல் 8

இல்லை.

ஏப்ரல் 11

வந்தது. உறவை மறைத்தாள் என்று அவள் பெயரில் எழுதி வைக்கிறார்கள். அது அழியாது. வேலைக்குப் போகிற இடமெல்லாம் கேட்பார்களாம். நடந்த பரீட்சை செல்லாது. கடைசியாக ஒரு தடவை, வெளியூர் பரீட்சகர், வெளியூர் சந்தேக ஆள். நான் இனி வளாகத்துக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது.

வெள்ளைக் கோட்டுகளையும் வேறு கடைக்கு மாற்றிவிட்டார் பேராசிரியை. முதலாளி முகம் தொங்கிவிட்டது.

மகள் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தாள். அழியாத எழுத்தைப் பற்றிக் கேட்டேன். "கேட்டா உண்மையச் சொல்லுவேன்" என்றாள். அவ்வளவுதான். நான் ஜோக் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

போன மாதம் அவள் தேறியதை எழுதக்கூட நேரமில்லை, கடையில் அவ்வளவு துணி. எதிரே உட்கார்ந்த ஆள் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லையாம். தடயத்தைப் பார்த்து, அவர் திருடவில்லை என்று இவள் எழுதினாளாம், அதுதான் சரியாம்.

இன்று சாயங்காலம் அவள் கடைக்கு வந்தாள். கூட அவள் வகுப்புப் பெண் ஒருத்தி, நகத்தைக் கடித்துக்கொண்டு.

"இவங்கதான் எங்கம்மா" என்றாள் அவளிடம். பிறகு என்னிடம், "இவளுக்கு நாளைக்கு விசாரணைப் பரீட்சைம்மா. கொஞ்சம் பொய் சொல்லு."

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்தப் பெண் எச்சில் விழுங்கினாள். "அன்னைக்குச் சாயங்காலம்..." என்று நின்றுவிட்டாள்.

என் மகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் வாயைத் திறக்கவில்லை. அந்தப் பெண் கேட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.