காரில் வந்த மடிப்பிச்சை

குருபோங், மலாக்கா
ஆடி இரண்டாம் வாரம்

அன்பு மகன் ஹரிதாஸுக்கு அம்மா காளியம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான், என் முழங்கால் வலி, போன தடவை நீ வாங்கி வைத்துவிட்டுப் போன மசாஜ் நாற்காலி மூவரும் சுகம். நாற்காலியில் பூனை படுத்துக்கொள்கிறது, அதுவும் சுகம். அங்கே குளிர்காலமாமே, நீயும் மருமகள் நிரஞ்சனியும் என் பேரன் நிவேந்திரனும் சளி இருமல் இல்லாமல் இருக்க மாரியம்மன் துணை.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டிக் கேட்பதாக நிரஞ்சனி சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாள், என் குரல் கிளி கத்துகிற மாதிரி இருக்குமாம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனாலும் என் கையெழுத்தை உன்னால் வேகமாக ஓட்ட முடியாது ராசா, ஒவ்வொரு எழுத்தாகத்தான் நடந்து போயாக வேண்டும். டவுனில் இருக்கும் விஜயரட்ணம் மாஸ்டரின் மகள் கஜலட்சுமி நாளைக்கு உங்கள் பெர்த்துக்கு விமானம் ஏறுகிறாள், அவள் கையில்தான் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். கூடவே மோர்மிளகாயும் கொடுத்தேன், அந்த ஊர் விமான நிலையத்தில் பிடித்துக்கொள்வார்கள் ஆன்ட்டி என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். கடிதத்தைப் பிடிக்க மாட்டார்கள். இதில் இருக்கிற காரம் அவர்கள் மெஷினுக்குத் தெரியாது.

முதலில் நல்ல சேதி. நிவேந்திரன் பள்ளிக்கூடத்தில் வேட்டி கட்டிக்கொண்டு மேடை ஏறி, எங்கள் பண்பாடு என்று இங்கிலீஷில் பேசிப் பரிசு வாங்கிய படம் வந்தது. பாசாரில் ஒருவரையும் நான் விடவில்லை. மீன் விற்கும் சீனத்து அண்ணன்கூட, பண்டாய் லா, கெட்டிக்காரப் பையன் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, ஒரு கெம்போங் மீனைக் கூடப் போட்டுக் கொடுத்தார். என் பேரனைப் போல யார் பேரன் இருக்கிறான், எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பண்பாட்டை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவன் அப்பாதான் என்று வேறு எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். அதுதான் இப்போது தொண்டையில் முள்ளாக நிற்கிறது, சொல்கிறேன் கேள்.

பின் வீட்டு உஷாராணியை உனக்குத் தெரியும், தமிழ்ப்பள்ளியில் உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கோகுலராஜின் மனைவி, நம் தாமான் குடியிருப்புப் பாலர் பள்ளியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை அவளுக்கு. போன வருஷம் கோகுலராஜ் சுங்கை ஊடாங்கில் வேலை முடிந்து வரும்போது மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான், இனிமேல் எழுந்து நடப்பது சந்தேகம் என்று டாக்டர்களே சொல்லிவிட்டார்கள். அவள் மாரியம்மனிடம், இந்த மனுஷனை எழுந்து நிற்க வை, அடுத்த ஆடிக்கு மடிப்பிச்சை எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள். நின்றான். கம்பு ஊன்றி இந்த வருஷம் கோயில் வாசல் வரைக்கும் நடந்தே வந்தான். அதனால் மஞ்சள் சேலை கட்டி, வேப்பிலையை இடுப்பில் சொருகி, செருப்பில்லாமல் கிளம்பினாள். பெர்த்துக்குப் போனதில் உனக்கு மறந்திருக்கும், அதனால் எழுதுகிறேன். மடிப்பிச்சை எடுக்கிறவள் இல்லாதவளாக இருக்க வேண்டியதில்லை, இருக்கிறவள்தான் இல்லாதவளைப் போல மடியேந்தி நிற்க வேண்டும், வேண்டுதலே அதுதான். மாரியம்மா தாயே என்பதைத் தவிர அவள் வாய் திறக்கக் கூடாது. போடுகிறவர்களும் எதற்கு என்று கேட்கக் கூடாது, ஒரு பிடி அரிசியை மடியில் போட்டுவிட்டுக் கும்பிட்டு உள்ளே போய்விட வேண்டும். அந்த அரிசியைத்தான் கோயிலில் பொங்கி ஊருக்கே போடுவார்கள்.

தோட்டத்து லயமாக இருந்தால் வரிசையாக வீடு, ஒரு மூச்சில் முடித்துவிடலாம். இப்போது தோட்டம் போய் ஆளுக்கொரு தாமானில் கிடக்கிறோம், ஒவ்வொரு கேட்டுக்குப் பின்னாலும் ஒரு நாய், மணி அடித்தால் ஆள் வருவதற்குப் பதிலாக கேமரா எட்டிப் பார்க்கிறது. அதனால் பாவம், காரை எடுத்துக்கொண்டு நம் சனங்கள் கூடுகிற செங் பாசாருக்குப் போனாள். ஓரமாகக் காரை நிறுத்தி இறங்கி மடியை ஏந்தினாள். அங்கே போன் கவர் விற்கிற கடை வைத்திருக்கிறான் பரமேஸ்வரன், நம் கோயில் இளைஞர் பிரிவுச் செயலாளர். அவன் போட்டிருக்கும் பனியனில் முதுகுப் பக்கம் அம்மன் படம் பெரிதாக இருக்கும். முதுகில் ஒட்டிக்கொண்டு அம்மன்தான் என்ன செய்வாள், முன்னால் அவன் செய்வது அவளுக்கு எப்படித் தெரியும். போனைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, அக்கா, காரு யாரோடது, கழுத்துல செயின் மின்னுது, இப்பிடி எத்தனை நாளா நடத்துறீங்க என்று கேட்டுக்கொண்டே படம் பிடித்தான். அவள் வாய் திறக்கவில்லை. திறக்கக் கூடாது. பாத்தீங்களா மக்களே, பதில் சொல்ல முடியாம முழிக்குது என்று அவனே தீர்ப்பும் சொல்லி, மைவி காரில் வரும் பிச்சைக்காரி, மலாக்கா மக்களே உஷார் என்று தலைப்பும் கொடுத்து, கார் நம்பர் முதற்கொண்டு தன் பேஜில் ஏற்றிவிட்டான்.

அன்று சாயங்காலத்துக்குள் ஜோகூரிலிருந்து கெடா வரைக்கும் எல்லாரும் நீதிபதி. ஒருவன் வருமான வரி ஆபீசுக்கு அனுப்பு என்கிறான், இன்னொருத்தி அந்தச் செயின் டிசைன் எங்கே கிடைக்கும் என்று கேட்கிறாள். நம் இனத்துக்கே அவமானம் என்று எழுதிய ஒரு பெரியவரை எனக்குத் தெரியும், எங்கள் பக்கத்துத் தெருதான், பெற்ற தாயை முதியோர் இல்லத்தில் விட்டுவிட்டுத் தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காத மகான். பாலர் பள்ளி நடத்துகிற அம்மா, நீங்க நல்லவங்கதான் டீச்சர், ஆனா பேரண்ட்ஸ் கேக்குறாங்க, சூடு ஆறுற வரைக்கும் வீட்டுல இருங்க என்று இனிப்பாகச் சொல்லி அனுப்பிவிட்டாள். எவனோ ஒரு புண்ணியவான் பால்மாவு டின் ஒன்றில் தர்மம் என்று மலாயில் எழுதி அவள் வீட்டுக் கேட்டில் கட்டித் தொங்கவிட்டான். காலையில் அதை முதலில் பார்த்தது கோகுலராஜ். கம்பைச் சுவரில் சாத்திவிட்டு, நான் எந்திரிச்சதுதான் தப்பு உஷா என்று சொல்லிப் படுத்தவன்தான், அதற்குப் பிறகு கட்டிலை விட்டு இறங்கவில்லை. டாக்டர்கள் சொன்னபோது நடந்து காட்டினவன், போனில் சொன்னவர்களுக்காகப் படுத்துவிட்டான்.

கோயில் பூசாரி கூப்பிட்டு இது மடிப்பிச்சைடா மடையா என்று விளக்கிய பிறகு பரமேஸ்வரன் மன்னிப்பு கேட்டான். உஷாராணியிடம் இல்லை, மறுபடியும் போனிடம். பின்னால் புல்லாங்குழல் ஊத, தலையைக் குனிந்து, கண்ணைக் கசக்கி, நானும் ஒரு மனுசன்தானே என்றான். முதல் படத்தைவிட இதற்கு இதயம் அதிகம், உங்களுக்குப் பெரிய மனசு புரோ என்று ஊரே உருகுகிறது. கடைக்குப் போய், சரிப்பா, அந்தப் பழைய வீடியோவை எடுத்துவிடு என்று சொன்னேன். அதுல வியூ நிறைய போகுது ஆன்ட்டி, எடுத்தா பேஜ் அடிபட்டுரும் என்றான். உன் பேஜுக்கு அடிபடும், அந்தப் பெண்ணுக்கு என்னடா படும் என்று கேட்டேன். நீங்க பழைய ஆளு ஆன்ட்டி, உங்களுக்குப் புரியாது லா என்று என் முழங்காலுக்கு ஒரு ஸ்டூல் எடுத்துப் போட்டான். மரியாதை தெரிந்த பிள்ளை.

நேற்று உஷாராணி வீட்டுக்குப் போனேன். சோறு பொங்கவில்லை, தலை வாரவில்லை, போனை வைத்துக்கொண்டு எவன் எவன் என்ன எழுதினான் என்று எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். வாசிக்கவும் தேவையில்லை, எல்லாம் மனப்பாடம். பாதியில் விட்ட அரிசி ஒரு பேசினில் மூலையில் இருக்கிறது, அதைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறாள். வாசித்துக்கொண்டே வந்தவள் ஓர் இடத்தில் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டாள். இது வேணாம்மா, அடுத்தத படிக்கிறேன் என்றாள். விரலை எடு புள்ள என்றேன். சும்மா ஏதோ எழுதியிருக்கு, நம்ம ஆளுதான், தெரியாம எழுதியிருப்பாரு என்றாள். நான்தான் அவள் விரலைப் பிடித்துத் தள்ளினேன். கோட்டு போட்டுப் புது வீட்டு வாசலில் நிற்கிறாயே, அந்தப் படம். பக்கத்தில் உன் திருவாக்கு. ஊரு மானத்தையே வாங்கிட்டா, பெர்த்துல தலை காட்ட முடியல லா. அதற்குக் கீழே கண்ணீர் வர வர உருண்டு சிரிக்கிற மூஞ்சிகள் மூன்று.

ராசா, பெர்த்தில் எந்தத் தெருவில் உன்னை நிறுத்தி உஷாராணியைப் பற்றி விசாரித்தார்கள்? தலை காட்ட முடியாமல் நீ முக்காடு போட்டுக்கொண்டா ஆபீசுக்குப் போகிறாய்? உன் கல்யாணத்தில் ஓடி ஓடிப் பந்தி பரிமாறியவள் முகம் உனக்கு அடையாளம் தெரியவில்லை, அதையும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் பார்த்திருப்பாய். சரி, இன்னொன்று கேட்டுக்கொள். உனக்கு மூன்று வயசில் மஞ்சள் காமாலை வந்து கண்ணும் நகமும் மஞ்சளாகிக் கிடந்தாய். அப்போது நம் தோட்டத்து லயத்தில் மஞ்சள் சேலை கட்டி மடியேந்தினவள் நான்தான். என் மடியில் முதல் பிடி போட்டது கோகுலராஜின் அம்மா ராமாத்தாள். ஒருத்தரும் எதற்கு என்று கேட்கவில்லை, என்னைப் பார்த்து ஒருத்தரும் உருண்டு சிரிக்கவும் இல்லை. பத்தியம் முடிந்து நீ வாயில் வைத்த முதல் சோறு கோயிலில் அந்தப் பிச்சை அரிசியில் பொங்கியது. இதை நான் வெட்கப்பட்டு எழுதவில்லை, பெருமையாகத்தான் எழுதுகிறேன். வேண்டுமானால் இதையும் படம் பிடித்து ஏற்று, பெர்த் கோட்டுக்காரனின் அம்மா ஒரு பிச்சைக்காரி, மக்களே உஷார் என்று போடு. நன்றாக ஓடும்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். வேண்டுதலைப் பாதியில் நிறுத்தினால் புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவள் நடுங்குகிறாள், வெளியே காலை வைக்கவும் நடுங்குகிறாள். வருகிற வெள்ளிக்கிழமை காலையில் முடித்துவிடலாம், உன் பின்னால் நானும் செருப்பில்லாமல் வருகிறேன் என்றேன். நம் கோயில் பெண்கள் நாலைந்து பேரும் வருகிறோம் என்றார்கள். அதே பாசார், அதே பரமேஸ்வரன் கடை வாசல், அவன் மடியில் போடுகிறானா போன் எடுக்கிறானா என்று பார்த்துவிடலாம். எல்லாவற்றுக்கும் அவள் ஒரே பதில்தான் சொல்கிறாள், அவரு எந்திரிச்சு வந்து வாசல்ல நின்னு அனுப்பினா போறேம்மா, இல்லனா எதுக்கும்மா. அவன் யாருக்கும் எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவன் கூப்பிட்டால் ஒருவேளை எழுந்திருப்பான். உன் வாக்கை அவனும் படித்துவிட்டான் என்பதையும் தெரிந்துகொண்டே கூப்பிடு. நீ எழுதியதை அழி, ஆனால் அழித்ததோடு கடமை முடிந்தது என்று கையைத் துடைத்துக்கொள்ளாதே. அந்த இடத்தில் இன்னொரு மன்னிப்பும் எழுதி வைக்காதே, புல்லாங்குழலுக்கு இங்கே ஏற்கெனவே ஒருவன் இருக்கிறான். கோகுலராஜைக் கூப்பிட்டு உன் குரலில் பேசு, சாதாரண வேகத்தில்.

கேட்டில் தொங்கிய பால்மாவு டின்னை நான்தான் அவிழ்த்துக்கொண்டு வந்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்து, வெள்ளிக்கிழமைக்கு அதில்தான் அரிசி போட்டு வைத்திருக்கிறேன், நல்ல கெட்டி டின். என் கைக்கு ஒரு பிடி, உன் பேருக்கு ஒரு பிடி. என் பிடியை நான் போட்டுவிடுவேன். உன் பிடி நீ கோகுலராஜோடு பேசிவிட்டாய் என்று தெரிந்தால்தான் டின்னை விட்டு வெளியே வரும். வராவிட்டால் அப்படியே கிடக்கட்டும், நீ ஊருக்கு வரும்போது அதைத்தான் உனக்குப் பொங்கிப் போடுவேன்.

நிவேந்திரனுக்கு பாட்டியின் முத்தம், அடுத்த தடவை பண்பாடு பற்றிப் பேசும்போது மடிப்பிச்சையையும் சேர்த்துக்கொள்ளச் சொல். நிரஞ்சனிக்கு என் ஆசீர்வாதம், அவளாவது சிரித்ததை மறைக்காமல் சொன்னாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றும்போது சொல்கிறேன், கோபமாக இருந்தாலும் அதை மட்டும் நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் கிளம்புகிறோம், உங்களுக்கும் அதே ஏழு மணிதானாம், நிரஞ்சனி சொல்லியிருக்கிறாள். மறந்துபோனது என்று சொல்லிவிடாதே.

உனக்காக மடியேந்திய
அம்மா காளியம்மா