ஃபோர்க்லிஃப்டுக்கு வைத்த பொட்டு

அக். 6, திங்கள்
காலையிலிருந்து தூறல். குடையை வீட்டில் வைத்துவிட்டுத் திருநின்றவூரில் ரயில் ஏறினேன். மகா புத்திசாலி.

அம்பத்தூர் கிடங்கு. அதே ஃபோர்க்லிஃப்ட். ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து ஆமை வேகம். சரக்கைத் தூக்கும் ஃபோர்க் உயரத்தில் இருந்தால் வண்டி ஊர்ந்துதான் போகும், அது பாதுகாப்புக்கு. ஆனால் இங்கே ஃபோர்க் தரையில் கிடக்கிறது. வண்டி மட்டும் அது மேலே இருப்பதாக நம்புகிறது. சீனியர் குமார் போன வாரம் வயரை மாற்றிப் பார்த்தார். நான் இன்று உயரத்தைப் பார்த்துச் சொல்லும் சென்சாரையே மாற்றினேன். ம்ஹூம்.

கிடங்கு மேனேஜர் என் எதிரிலேயே எங்கள் சர்வீஸ் ஆபீஸுக்குப் போன் போட்டார். "லேடீஸ் வேணாம் சார், வேற ஆள அனுப்புங்க." காது சுட்டது. வியாழனுக்குள் முடிக்காவிட்டால் சைட் வேலை கிடையாது, ஆபீஸில் போன் எடுக்கணும் என்கிறார் பாஸ். போன் எடுக்கவா டிப்ளமோ படித்தேன்.

அக். 7, செவ்வாய்
மறுபடி அம்பத்தூர். வண்டியை அங்குலம் அங்குலமாகத் துடைத்தேன். ஃபோர்க் ஏறி இறங்கும் கம்பத்தில் பெரிய சந்தனப் பொட்டு. டிரைவர் ஏழுமலை ஓடி வந்தார்.

"யம்மா, பொட்ட மட்டும் தொடாத. பூஜையில வெச்சது, அழிச்சா ஆவாது."

குமாரிடமும் இதையே சொன்னாராம். நான் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரப் பொண்ணு வேறு, எதற்கு வம்பு. பொட்டைச் சுற்றித் துடைத்தேன். பலன் இல்லை. அழுகையாக வந்தது.

வாங்க வேண்டியது: அம்மாவுக்கு மாத்திரை, துடைக்கிற துணி, இன்னொரு குடை.

அக். 8, புதன்
வேலப்பன்சாவடியில் வேறு கிடங்கு, சாதாரண சர்வீஸ். அதே மாடல் வண்டி. ஆயில் பார்த்துவிட்டு நிமிர்ந்தால், அம்பத்தூரில் பொட்டு இருந்த அதே இடத்தில் வட்டமாக ஒரு பளபள ஸ்டிக்கர். சென்சார் பார்ப்பது இதைத்தான். ஸ்டிக்கர் தெரிந்தால் ஃபோர்க் கீழே, தெரியாவிட்டால் மேலே. அடப்பாவிகளா.

போட்டோ எடுத்தேன். தனியாகச் சிரித்ததில் செக்யூரிட்டி ஒரு மாதிரி பார்த்தார்.

அக். 9, வியாழன்
நல்ல வெயில். அம்பத்தூர். ஏழுமலையிடம் போட்டோவைக் காட்டினேன்.

"அட இன்னாம்மா நீ. வட்டமா லட்சணமா கீதேன்னு நான்தான் அது மேல வெச்சேன்."

"நீங்களே துடைங்கண்ணா. வேற இடத்துல இன்னும் பெருசா வெச்சுக்கலாம்."

கன்னத்தில் போட்டுக்கொண்டு ஈரத்துணியால் துடைத்தார். ஏறி மிதித்தார். வண்டி பறந்தது. கிடங்கின் கோடி வரை போய் ஹாரன் அடித்தபடியே திரும்பினார். பேக்கிங் அக்காக்கள் கைதட்டினார்கள். ஜெயித்துவிட்டேன். இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன்: ஜெயித்துவிட்டேன்.

மேனேஜர் வந்தார். "இன்னாம்மா பண்ண?"

"பொட்டை எடுத்தோம் சார்."

நம்பவில்லை. தானே ஏறி ஒரு சுற்று ஓட்டினார். பிறகு ஆபீஸுக்குப் போன். "இனிமே இந்தப் பொண்ணையே அனுப்புங்க." நான் பக்கத்தில்தான் நின்றேன். இந்த முறையும் காது சுட்டது, ஆனால் சுகமாக.

கிளம்புமுன் வண்டியின் பின்பக்கம் மார்க்கரில் வட்டம் போட்டு 'பொட்டு இங்கே' என்று எழுதினேன். ஏழுமலை உடனே சந்தனம் குழைத்து வந்து வைத்தார். விரலில் மிச்சமிருந்ததை என் டூல் பாக்ஸ் மேல் வைத்துவிட்டார்.

ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். துடைக்கவில்லை.